இடப்பக்கம் மட்டும் கனம்

முதல் படகில் ஏறுகிறவர்கள் யாரும் முழுதாக விழித்திருப்பதில்லை. காலை ஆறு மணிக்குக் கழிமுகத்தின் மேல் மூடுபனி நிற்கும். அக்கரை பென்சிலால் வரைந்து விரலால் தேய்த்துவிட்டது போலத் தெரியும். சில நாள் அதுவும் தெரியாது. பன்னிரண்டு பேர் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரொட்டிக் கடையில் வேலை செய்யும் இருவர், ஒரு நர்ஸ், கணக்கு வாத்தியார், இன்னும் சிலர். எஞ்சின் சத்தம் தாலாட்டு மாதிரிதான். கண்ணை மூடினால் படகு நகர்கிறதா தண்ணீர் நகர்கிறதா என்று சொல்ல முடியாது.

படகு அக்காவுடையது. ஓட்டுவதும் அவள்தான். முன்னால் ஸ்டியரிங் சக்கரத்தருகே அவள் இருப்பாள். நான் கடைசிப் பலகையில், எஞ்சினுக்குப் பக்கத்தில். அக்கரையில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை.

பாதி வழியில் தண்ணீருக்கு நடுவே ஓர் இரும்புத் தூண் உண்டு. நேரே போனால் மணல்திட்டு. தூணைச் சுற்றி இடப்பக்கம் திரும்பினால்தான் ஆழமான வழி. அந்த இடம் வந்ததும் அக்கா எழுந்துவிடுவாள். இரண்டு காலையும் அகட்டி வைத்து, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் இடப்பக்கம் சாய்ப்பாள். அவள் சாயும்போது பன்னிரண்டு பேரும் கூடவே இடப்பக்கம் சாய்வார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தூக்கத்திலேயே சாய்வார்கள். படகு முனகிக்கொண்டு திரும்பும். எல்லோரும் நிமிர்ந்து மறுபடி தூங்குவார்கள்.

அதைப் பார்க்கும்போது எனக்கு ஏதோ ஒரே உயிர் புரண்டு படுப்பது போல இருக்கும். அழகாகக்கூட இருக்கும். அந்த நேரத்தில் அக்காவின் முகம் எனக்குத் தெரியாது. அவள் முதுகுதான் தெரியும்.

போன வருட மழையில் அக்கா படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்தாள். வலப்பக்கக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். அவள் திரும்பப் படகுக்கு வந்தாள். வந்த சில மாதத்தில் சக்கரம் கனக்கத் தொடங்கியது.

முதலில் அவள் படகைத்தான் சொன்னாள். "இது திரும்ப மாட்டேங்குது," என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் பேசிச் சிரிக்காமல் விழுங்கத் தெரியாது அவருக்கு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் படகைக் குறை சொல்லவே இல்லை. தோளைத்தான் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை மாலை மாமா அவள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடு இரண்டு அறை. மாடியில், துறைக்கு நேர் எதிரே. ஜன்னலைத் திறந்தால் அறை முழுக்கத் தண்ணீரின் வெளிச்சம் ஆடும். தைல வாடை போகட்டும் என்று நான் திறந்து வைத்தேன்.

"மெதுவா. என்ன, லென்ஸா தேய்க்கிறீங்க?"

"லென்ஸ் பேசாது. அதனாலதான் எனக்கு அந்த வேலை பிடிக்குது."

அக்கா மேசையைப் பார்த்தாள். துறை அலுவலகத்தின் படிவம் உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது. அடுத்த வருடமும் படகு ஓட்ட விருப்பமா என்று வருடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொடுக்க வேண்டும். தொடர விருப்பம் என்று ஒரு கட்டம், விருப்பமில்லை என்று ஒரு கட்டம். திங்கட்கிழமை கடைசி நாள்.

"திங்கட்கிழமை குடுத்துடப் போறேன். விருப்பமில்லைனு போட்டு."

மாமாவின் கை நின்றது.

"டிக்கெட் ஜன்னல்ல நாற்காலி காலியா இருக்காம். துறை ஆபீஸ் ரைட்டர் எனக்குன்னு வச்சிருக்கார். உக்காந்த இடத்துல வேலை. தலைக்கு மேல ஃபேன் வேற."

"நீ ஜன்னலுக்குப் பின்னாடியா? வரிசையில இடிக்கிறவனை எல்லாம் பிடிச்சுத் தண்ணில தள்ளிடுவியே."

"தள்ளுறதுக்குக் கை வேணுமே."

யாரும் சிரிக்கவில்லை.

"எலும்பு சேந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாரேக்கா," என்றேன்.

"அட, பூச்சி பேசுது," என்றாள் அக்கா. வாயில்லாப் பூச்சி என்று சின்ன வயதில் எனக்குப் பெயர் வைத்தவள் அவள்தான். இப்போது வெறும் பூச்சி. "எலும்பு சேந்தா போதுமா? பன்னெண்டு உசுரு என் கையை நம்பி உக்காருது. எனக்கே அந்தக் கையை நம்ப முடியலை. தூண் வரும்போது இன்னைக்குத் திருப்பிடுவேனான்னு பயமா இருக்கு. ஒருநாள் திரும்பலைன்னா?"

மாமா தைலப் புட்டியை மூடினார். வெளிச்சம் மட்டும் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது.

படகில் எனக்கென்று ஒரே ஒரு வேலை இருந்தது. படகின் பின்னால் மாட்டியிருக்கும் எஞ்சின் திரும்பினால்தான் படகு திரும்பும்; அதற்காகச் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் படகின் ஓரமாகவே பின்னால் போகும். அதன் முனையில் ஒரு கையளவு நீளத்துக்கு எஃகுக் கம்பி. சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால் கம்பி எஞ்சின் பக்கத்துக் குழாயிலிருந்து வெளியே வந்து எஞ்சினைத் தள்ளும். இடப்பக்கம் திருப்பினால் குழாய்க்குள் போய் எஞ்சினை இழுக்கும். ஞாயிறுதோறும் அந்தக் குழாய்க்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். அக்கா செய்துவந்த வேலை. கட்டுப் போட்ட கையோடு படியில் நின்று, "மூணு அழுத்து, போதும்" என்று எனக்குச் சொன்னாள். அன்றிலிருந்து அது என்னுடையது.

நான் நாலு அழுத்துவேன். மூன்று அக்கா சொன்னது. ஒன்று என் பங்கு.

வெள்ளிக்கிழமை பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய யோசனை ஒன்றுமில்லை. அக்காவின் கை எவ்வளவு பலவீனம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லையே என்பதுதான். மாதிரிக் கேன்களை நிறுக்க அங்கே ஒரு சுருள்வில் தராசு உண்டு. கொக்கியில் மாட்டி இழுத்தால் முள் கிலோ காட்டும். அதை இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்கக் காலையிலிருந்து மூன்று முறை அவர் மேசைவரை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவரே, "என்னம்மா, நடைப்பயிற்சியா?" என்றார். கேட்டேன். கொடுத்தார்.

சனிக்கிழமை மாலை கடைசிப் பயணம் முடிந்தது. அக்கா படகைச் சுவரோரம் கட்டிவிட்டு மேலே போனாள். படகைக் கழுவுகிறேன் என்று நான் தங்கினேன். சூரியன் போய்விட்டது, வெளிச்சம் போகவில்லை. தண்ணீர் பால் கலந்தது போல இருந்தது. தராசைச் சக்கரத்தின் விளிம்பில் கட்டி, முதலில் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அதற்கே மூச்சு வாங்கியது. பிறகு வலப்பக்கம் இழுத்தேன். முள் இரண்டைத் தொட்டதும் சக்கரம் நகர்ந்தது.

இடப்பக்கம் இழுத்தேன். ஐந்து. எட்டு. பத்து. பதினொன்றில் சக்கரம் விருட்டென்று ஒரு விரல்கடை நகர்ந்து நின்றுகொண்டது.

மூன்று முறை இழுத்தேன். மூன்று முறையும் நோட்டில் எழுதினேன். தராசுக்குத் தோள் கிடையாது. அது படியில் வழுக்கி விழுந்ததும் இல்லை.

துள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் இடப்பக்கம் மட்டும் என்ற கேள்வி என்னைப் பலகையிலேயே உட்கார வைத்தது. பின்னால் போய்க் கம்பியைப் பார்த்தேன். ஒருகாலத்தில் அதில் முகம் பார்க்கலாம். இப்போது அம்மைத் தழும்பு மாதிரிப் பழுப்புக் குழிகள். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அது குழாய்க்குள் போக வேண்டும். போக மாட்டேன் என்கிறது. முனையை அடைத்த ஊசிக்குழலில் தண்டை அழுத்திப் பார்த்தவர்களுக்கு அது புரியும். உள்ளே இருப்பது வெளியேற வழி இல்லையென்றால், வெளியே இருப்பது உள்ளே வராது.

உள்ளே இருந்தது என் கிரீஸ்.

விழுந்ததற்குப் பிறகு அக்கா துறையின் குறுகலான படிக்கட்டில் படகைக் கட்டுவதில்லை. அகலப் படி இருக்கும் பக்கம் கட்டுகிறாள். அங்கே சுவர் படகுக்கு இடப்பக்கம் வரும். தண்ணீருக்கடியில் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் விசிறி கல்லில் மோதாமலிருக்கச் சக்கரத்தை முழுக்க வலப்பக்கம் திருப்பி, கயிற்றால் கட்டிவிட்டு இறங்குவாள். அப்போது கம்பி முழுவதும் வெளியே நிற்கும். இரவெல்லாம் உப்புக் காற்றில். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே நிற்கும். நான் போய் வெறும் குழாயில் நாலு அழுத்து அழுத்துவேன். திங்கட்கிழமை காலை அக்கா இடப்பக்கம் திருப்புவாள்.

அறுபது ஞாயிறு. அக்கா விழுந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஆனால் தோள் வழியாக இல்லை, என் வழியாக.

மாடிக்குப் போனபோது, "படகைக் கழுவினியா, குளிப்பாட்டித் தலை துவட்டினியா?" என்று அக்கா கேட்டாள். சொல் நாக்கு நுனிவரை வந்தது. உன் கையில் ஒன்றுமில்லை என்று சொன்னால் அடுத்த வாக்கியம் என் கையைப் பற்றியதாக இருக்கும். அந்த அடுத்த வாக்கியத்துக்குப் பயந்து முதல் வாக்கியத்தையும் விழுங்கினேன். அவள் படிவத்தை எடுத்து, பேனாவைத் தேடி, கிடைக்காமல் மறுபடி ஜாடிக்கு அடியில் வைத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிறு காலை ஸ்பேனரோடு இறங்கினேன். கேபிள் முனையை எஞ்சினோடு சேர்க்கும் நட்டு அசையவில்லை. பக்கத்துப் படகிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. எஞ்சின் மெக்கானிக். துறையில் அவரைப் பிளக்கு என்பார்கள். எந்தக் கோளாறென்றாலும் அவர் முதல் வார்த்தை அதுதான். துறை அலுவலகத்துக் கடிகாரம் நின்றுபோனபோதும் பிளக்கைப் பார்த்தாயா என்று கேட்டாராம்.

"என்ன பாப்பா, ஸ்டார்ட் ஆகலையா? பிளக்கைக் கழட்டுவோமா?"

"எஞ்சின் நல்லா இருக்கு அண்ணே. ஸ்டியரிங்தான்."

அவர் முகம் வாடியது. "ஸ்டியரிங்ல பிளக்கு கிடையாதே," என்றபடி தாண்டி வந்தார்.

நட்டைக் கழற்றி எஞ்சினைக் கேபிளிலிருந்து பிரித்தார். "இப்ப எஞ்சினைத் தள்ளு. பலமா வேணாம். விரலால."

சுண்டுவிரலால் தொட்டேன். அவ்வளவு பெரிய எஞ்சின், தூங்குகிறவர் தலையணையில் தலையைத் திருப்புவது போல மெல்லத் திரும்பியது. மறுபடி தொட்டேன். மறுபக்கம் திரும்பியது.

"எஞ்சின் மேல குத்தம் இல்ல. அப்ப, குத்தவாளி இவன்தான்." கம்பியைப் பிடித்து உள்ளே தள்ளினார். அது அசையவில்லை. குழாயின் வாயைக் கழற்றி ஸ்க்ரூ டிரைவரால் கிளறினார். பழுப்பாக, சோப்பு மாதிரிக் கட்டி கட்டியாக வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"யாரு இதை அடிச்சது?"

"நான்."

"கம்பி வெளிய நிக்கறப்பவா?"

தலையாட்டினேன்.

அவர் கிரீஸ் கையை மறந்து நெற்றியில் வைத்துக்கொண்டார். "கம்பியை உள்ள இழுத்துட்டு அடிக்கணும் பாப்பா. வீட்டுக்காரன் வெளிய போன நேரமாப் பாத்து வீடு பூரா மூட்டையை அடுக்கிட்டு, வாய்யா வந்து படுன்னா அவன் எங்க படுப்பான்?"

"அக்கா அப்படித்தான் அடிப்பா. மூணு அழுத்துன்னுதான் சொன்னா."

"அவங்க அப்ப கட்டினது அந்தக் குறுகல் படிப் பக்கம். அங்க விசிறி ஒதுங்கணும்னா இடப்பக்கம் திருப்பிக் கட்டணும். கம்பி தானா உள்ள இருக்கும். அவங்களுக்கே தெரியாம சரியா அடிச்சிருக்காங்க. உனக்கே தெரியாம நீ தப்பா அடிச்சிருக்க."

"சுத்தம் பண்ணிட்டா சரியாயிடுமா?"

அவர் கேபிளை முனைக்குப் பக்கத்தில் வளைத்துக் காட்டினார். மேலுறையில் ஒரு விரிசல். அதிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. "உள்ள பூரா துரு. இதுக்கு வைத்தியம் கிடையாது, மாத்தத்தான் வேணும். எண்ணெய் விட்டா நாலு நாள் திரும்பும். அஞ்சாம் நாள் தூண்கிட்ட போய் இறுகிக்கும். என்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு, மத்தியானம் போட்டுடலாம். ஆனா அக்கா சொல்லணும். அவங்க படகு."

"நீங்க சொல்லுங்களேன் அண்ணே."

"உங்க அக்காகிட்டயா? போன மாசம் பிளக்கைப் பாத்தீங்களான்னு கேட்டதுக்கே துடுப்பைத் தூக்கினாங்க. நீ போ. நான் இங்கயே இருக்கேன். கொஞ்சம் தள்ளியே இருக்கேன்."

மாடிப்படி இருபத்திரண்டு. அன்று அது அதைவிடக் குறைவாக இருந்தது. அக்கா மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இடக் கையால் சீவப் பழகிக்கொண்டிருந்தாள். தோல் தடிமனாக, சதையோடு வந்தது.

"அக்கா, கொஞ்சம் கீழ வா."

"எதுக்கு?"

"வாயேன்."

என் முகத்தில் என்ன இருந்ததோ, கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். மாமாவும் வீட்டுச் செருப்போடு பின்னால் வந்தார்.

படகில் ஏறியதும் எஞ்சினைக் காட்டினேன். "இதைத் தள்ளு. வலது கையால. சுண்டுவிரலால."

"விளையாடுறியா?"

"தள்ளுக்கா."

அவள் தொட்டாள். எஞ்சின் திரும்பியது. கையை உடனே எடுத்துக்கொண்டாள், சுட்டது போல. பிறகு மறுபக்கத்திலிருந்து தொட்டாள். அது திரும்பி வந்தது. நாலைந்து முறை அப்படிச் செய்தாள். தண்ணீர் படகின் அடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கைல ஒண்ணும் இல்லக்கா. கேபிள்தான்." நோட்டை நீட்டினேன். இரண்டு, பதினொன்று. இரண்டு, பத்தரை. இரண்டு, பதினொன்று. அவள் படித்தாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிளக்கு அண்ணன் அடுத்த படகில் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேபிளைக் கெடுத்தது நான்," என்றேன்.

குழாய், கம்பி, கட்டும் பக்கம், நாலு அழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை. முடித்தபோது என் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது.

அக்கா பலகையில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம்," என்றாள். வலது தோளைத் தடவிக்கொண்டாள். "தினம் கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு தோளையும் பாப்பேன்டி. எது இளைச்சிருக்குன்னு. வலது இளைச்ச மாதிரியேதான் தெரியும். இது என் கையே இல்லேன்னு தோணும். யாரோ ஒட்டவச்ச மாதிரி." மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வேற, கூடம் கோணல்னீங்க."

மாமா செருப்பைப் பார்த்தார். "கூடம் நெசமாவே கோணல்தான் போல," என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "மூணுன்னு தானே சொன்னேன். நாலாவது எதுக்குடி?"

"அது என் பங்கு."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. முதுகைப் பார்த்தே பழகிய எனக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

"பிளக்கைக் கூப்பிடு," என்றாள். பிளக்கு அண்ணன் கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிட்டார்.

மாலைக்குள் புதுக் கேபிள் போட்டாயிற்று. பழையதை எடுத்துப் போகட்டுமா என்று அவர் கேட்டதற்கு, எடுத்துக்கோங்க என்று அக்கா கையை மட்டும் ஆட்டினாள். அன்று முழுவதும் என்னோடு அவள் பேசவில்லை. தைலப் புட்டியை மாமா எடுத்து வந்தார். அதை வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். தேய்த்துக்கொள்ளவும் இல்லை, எறியவும் இல்லை. படிவம் வெறுமையாகவே இருந்தது.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு அவள் என்னை எழுப்பினாள். "வா," என்றாள். அவ்வளவுதான்.

படகில் நாங்கள் இருவர் மட்டும். மூடுபனி அன்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டே கிடந்தது. துறை பின்னால் கரைந்தது. பிறகு முன்னால் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை. வெள்ளைக்கு நடுவே ஒரு படகு, ஒரு சத்தம். நான் இன்னும் விழிக்கவே இல்லை என்றுகூடத் தோன்றியது.

தூண் மெல்ல உருவாகி வந்தது. அக்கா எழுந்தாள். வழக்கம்போலக் காலை அகட்டி, வழக்கம்போல இரு கையாலும் பிடித்து, ஒரு வருடத்துப் பலத்தையெல்லாம் சேர்த்து இடப்பக்கம் சாய்ந்தாள்.

படகு சுழன்றது. நான் பலகையிலிருந்து தரைக்கு வந்துவிட்டேன். தூண் ஒருமுறை கடந்து போனது. பனி எங்களைச் சுற்றி ஓடியது. அல்லது நாங்கள் பனிக்குள் ஓடினோம். தூண் இரண்டாம் முறை வந்தது, வேறொரு தூண் போல. அக்கா, "ஐயோ, ஐயோ," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. பிறகு சட்டென்று எஞ்சினை நிறுத்தினாள்.

நாங்கள் கிளப்பிய அலையே வட்டமாக வந்து எங்களை ஆட்டியது. தூக்கியது, இறக்கியது. பிறகு அதுவும் அடங்கியது. எங்கோ ஒரு பறவை ஒருமுறை கூப்பிட்டு நிறுத்திக்கொண்டது. அக்கா சக்கரத்தை ஒரு விரலால் இடப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள்.

"பிஞ்சுக் குழந்தை கழுத்து மாதிரி இருக்கு," என்றாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உனக்கு ஒண்ணு சொல்றேன் பூச்சி. மாமாகிட்ட சொல்லாத. எனக்கு அந்த நாற்காலி பிடிச்சிருந்துச்சு. அதுக்கு மெத்தை என்ன நிறத்துல தைக்கணும்னுகூட நினைச்சு வச்சிருந்தேன். பச்சை. கை போச்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க பாரு. பாவம், அவளால முடியலைன்னுடுவாங்க. மழைக்காலத்துல அஞ்சு மணிக்கு எந்திரிக்க வேணாம்." சக்கரத்தைத் தட்டினாள். "இப்ப நீ அந்தச் சாக்கையும் கழட்டிட்டுப் போயிட்ட. வேணாம்னா நானாத்தான் வேணாம்னு சொல்லணும்."

"சொல்லப் போறியா?"

அவள் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். நாலாக மடித்திருந்தது.

"இங்க வந்து பிடி," என்றாள்.

சக்கரத்தை நான் ஒருநாளும் பிடித்ததில்லை. அவள் நகர்ந்து இடம் விட்டாள். எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, படகைத் துறைப் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். "நேரா வை. வேற ஒண்ணும் பண்ணாத. உனக்குத்தான் ஒண்ணும் பண்ணாம இருக்க வராதே."

அது வலித்தது. ஆனாலும் அவள் என்னிடம் பேசிவிட்டாள். நான் நேராக வைத்தேன். சக்கரம் கைக்குள் இருப்பதே தெரியவில்லை. பனிக்குள் நேர் எது என்றும் தெரியவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, முழங்காலில் படிவத்தை விரித்தாள்.

"உடல் தகுதின்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

"நல்லா இருக்குன்னு எழுது."

"மழை வந்தா இன்னும் வலிக்குதுடி. அது பொய் இல்ல."

"அப்ப அதையும் எழுது."

"கட்டம் சின்னது," என்றாள். யோசித்தாள். ஏதோ எழுதினாள். பிறகு தாளின் மேல் பக்கத்துக்குப் போய், தொடர விருப்பம் என்ற இடத்தில் குறி போட்டாள். பேனா தாளைத் துளைத்துக்கொண்டு முழங்காலில் குத்தியது.

"ஆ," என்றாள் அக்கா. தாளை உயர்த்தி அந்தத் துளை வழியாகப் பார்த்தாள். "வாங்குவாரா ரைட்டர், இப்படி ஓட்டையோட?"

"வாங்குவார்."

பனிக்குள்ளிருந்து துறை வந்தது. முதலில் படிகள், அப்புறம் படிகளின் மேல் ஆட்கள். நர்ஸ் குடையை ஊன்றி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள். ரொட்டிக் கடைக்காரர்களில் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சக்கரத்தில் என்னைக் கண்டதும் ஆட்டிய கை பாதியில் நின்றது.

அக்கா தாளை மடித்துப் பையில் போட்டாள்.

"எந்திரி," என்றாள். "அது என் இடம்."